தாங்கும் தண்ணீர்

"பார்த்து வரமாட்டீங்களா?"

பரிசோதனைக்கூடத்துக் கதவருகே யுன்ஸோ கத்தினாள். மோதிய வேகத்தில் அவள் கையிலிருந்த காலிப் புட்டிகள் தரையெங்கும் உருண்டன. எதிரே, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன். இமை நுனியில் ஒரு மழைத்துளி... கோபத்தில்கூடக் கண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா என்ன?

"தண்ணி பரிசோதிக்கிற மேடம் நீங்கதானா? என் சிப்பிக் குஞ்சுங்க செத்துக்கிட்டிருக்கு. நீங்க என்னடான்னா 'தண்ணி நல்லாயிருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

அவன் ஜேமூன். தோங்யோங் கடலோரத்தில் சிப்பிக் குஞ்சு வளர்ப்பவன்.

"உங்க ரெண்டு தொட்டியிலயும் பிஎச் எட்டு புள்ளி ஒண்ணு. மீட்டர் பொய் சொல்லாது சார்."

"அப்ப என் குஞ்சுங்கதான் பொய்யா சாகுதா?"

போய்விட்டான். 'திமிரைப் பாரு...' என்று முணுமுணுத்தாள். ஆனாலும் கலங்கியிருந்த அந்தக் கண்கள் அவளை விடவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் இருந்த அவனுடைய இரண்டு தொட்டி நீரையும் மறுபடி எடுத்து இரண்டு குவளைகளில் ஊற்றினாள். இரண்டு குவளைகளிலும் நிறம் காட்டும் மருந்தை விட்டாள். இரண்டும் ஒரே நீலம். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் குவளை இருபது சொட்டு வரை தாங்கியது. இரண்டாவது, பத்தாவது சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது!

தப்பை ஒப்புக்கொள்வதா? அதுவும் அவனிடமா?... குடையை எடுத்துக்கொண்டு அவன் தொட்டிகளை நோக்கி ஓடினாள்.

"ரெண்டாவது தொட்டியில மழைத்தண்ணி கலந்திருக்கு. பிஎச் மாறல. ஆனா அமிலத்தைத் தாங்குற சத்து பாதியாயிடுச்சு. குஞ்சுங்க விடுற மூச்சுக்கே தண்ணி புளிச்சுப் போகுது. அதுங்களால ஓடு கட்ட முடியல." தலை குனிந்தாள். "நான் மீட்டரை மட்டும் பார்த்தேன். தப்பு என்னோடதுதான்."

சண்டைக்குத் தயாராக நின்றவன் கட்டியிருந்த கைகளை இறக்கினான்.

"காலையில நானும் ரொம்பக் கத்திட்டேன்..."

அந்தச் சத்தை மீட்க, இருவருமாகச் சமையல் சோடாவை அளந்து தொட்டியில் கரைத்தார்கள். ஒரு வாளிக்காக இரண்டு கைகள் நீண்டன, விரல்கள் பட்டன, சட்டென விலகின. நாலாம் நாள், உருப்பெருக்கியின் கீழே குஞ்சுகள் பொன்தூசி போலச் சுழன்று நீந்தின. யுன்ஸோவுக்குக் கண்ணில் நீர் நின்றது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு புட்டியோடு வந்தான் ஜேமூன். "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க." அவளும் பார்த்தாள். இருபது சொட்டு... இருபத்தோரு சொட்டு... ஆறு மணி நெருங்கினால் அவள் காது வாசலுக்கே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மூச்சிரைக்க வந்தான். யுன்ஸோ அமிலம் விட்டாள். இரண்டாவது சொட்டிலேயே மஞ்சள்!

"இது கடல்தண்ணியே இல்லையே!"

அவன் காது சிவந்தது. "இன்னிக்கு வெளியூர் போயிருந்தேன். தொட்டிக்குப் போயிட்டு வந்தா உங்க ஆபீஸை மூடிடுவாங்க... அதான் பஸ் ஸ்டாண்டு குழாயில பிடிச்சேன்."

"குழாய்த்தண்ணியைப் பரிசோதிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"குஞ்சுங்க எப்பவோ பொழைச்சிடுச்சு. எனக்குத்தான்... உங்களைப் பார்க்காம ஒரு நாள்கூட முடியல. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, யுன்ஸோ."

வெளியே மழை வலுத்தது. அவள் அந்தப் புட்டியை மெல்ல மூடினாள்.

"நாளைக்குப் புட்டி வேண்டாம். குடை மட்டும் எடுத்துட்டு வா... நமக்கு ஒண்ணு போதும்."