மணமகள் பதிவேட்டில் காலி வரிசைகள்

மலாயாவாழ் யாழ்ப்பாணக் குலமகளிரின் மாங்கல்யம் இனி கம்ப்யூட்டரின் கையில் என்று சங்கத் தலைவர் முத்துக்குமாரு 1995-இல் பிரகடனம் செய்தார். அந்தக் கம்ப்யூட்டர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சங்கக் கட்டட மாடியில், கழிவறைக்குப் பக்கத்தில், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் புனிதவதி ஒருத்திதான். நாற்பத்தொரு வயது, அரசாங்க டைப்பிஸ்ட். பதிவேட்டில் அவள் பெயரும் இருந்தது.

பெண்ணுக்கு ஒரு நெடுவரிசை. தலையில் பெயர், ஊர், ராசி. கீழே, பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக. யாருமே வராதவளுக்கு வெறும் வெள்ளை.

"காலியா கிடக்கிறதெல்லாம் எடுத்துடு புனிதம்," என்றார் தலைவர், சனிக்கிழமை மத்தியானம். "நாளைக்கு ஏஜிஎம், வருஷாந்தரக் கூட்டம். டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் வராரு. நம்ம பொண்ணுங்கள யாரும் சீண்டலன்னு நினைப்பாரு லா."

"உண்மை அதுதானே அங்கிள்."

"உண்மைய எல்லாம் பிரிண்ட் எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினார்.

கிள்ளான் குணேஸ்வரியின் வரிசையை முதலில் எடுத்தாள். வலப்பக்கத்து வரிசைகள் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன. அதே நொடியில், பூட்டிக் கிடந்த பக்கத்து மண்டபத்துக்குள் இரும்பு நாற்காலி ஒன்று சிமென்ட் தரையில் மெதுவாக, மிக மெதுவாக இழுபட்டது. மல்லிகையும் முகப்பவுடரும் வியர்வையும் கலந்த, பெண் பார்க்கும் நாளுக்கே உரிய வாடை கதவிடுக்கு வழியே வந்து அவள் பிடரியில் ஒட்டியது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அம்பாங் மீனலோசனியை எடுத்தாள். இன்னொரு நாற்காலி. பதினேழாவது வரிசையை எடுக்கும்போது எலி என்று நினைக்க முடியவில்லை.

குணேஸ்வரி வீட்டுக்குப் போன் போட்டாள். தாயார்தான் எடுத்தார்.

"ஆன்டி, குணேஸ் இருக்காளா?"

"எந்தக் குணேஸ்? எனக்கு ரெண்டும் பையனுங்கதானே."

குரலில் பதற்றமில்லை. துக்கமுமில்லை. வருஷக்கணக்காய்ச் சுமந்த எதையோ இறக்கி வைத்த நிம்மதி இருந்தது.

எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவரும் பட்டனை அழுத்தினாள். வரிசை வந்தது. பெயர் வரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு காலி வரிசை. புனிதவதி.

தலைவர் திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒண்ணு கிடக்கே."

"அங்கிள், அது நான்."

அவர் காதில் விழவில்லை. அம்புக்குறியைப் பிடிக்கத் தெரியாமல் மவுஸை மேசையெங்கும் உருட்டினார்.

அவள் தன் பெயருக்குக் கீழே அவசரமாக அடித்தாள். ஈப்போ டாக்டர். எழுத்துகள் தாமாக அழிந்தன. சிரம்பான் வக்கீல். அழிந்தது. பொய் ஒட்டவில்லை. விரல் நுனி மரத்தது. நகங்களைக் காணோம். பிறகு ஒவ்வொன்றாய் விரல்களை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் நகர்ந்தது. மண்டபக் கதவை நோக்கி. கதவுக்குப் பின்னால், பல பெண்கள் புடவையை ஒதுக்கி இடம் விடும் சரசரப்பு.

மேசை விளிம்பை முழங்கையால் எட்டிப் பிடித்து, மிஞ்சியிருந்த ஒற்றை விரலால் ஒரு வரி அடித்தாள்.

ஒட்டிக்கொண்டது. நாற்காலி நின்றது.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை படித்தார். "சரி, இது காலியில்ல," என்று, அவள் அங்கே இல்லாதது போல, அறையிடம் சொன்னார். விளக்கை அணைத்தார். வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரும்பு நாற்காலிகள், சுவரைப் பார்த்தபடி. கடைசியில் ஓர் இடம் விட்டிருந்தது.

திரையில் அவள் பெயருக்குக் கீழே இருந்தது: 1987, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், பெயர் தெரியாது.