பூசை பா

கண்ணாடி அலுமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த இசைத்தட்டு உறையைத்தான் காணவில்லை.

சனிக்கிழமை கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த மார்செல், வாங்கி வந்த நினைவு மலரை அந்த உறைக்குப் பக்கத்தில் வைக்கத்தான் அலுமாரியைத் திறந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. 'சால்ட் வேகன்' ராக் குழுவின் நான்கு பேரும் அவருடைய இளவயதில், இதே பாரிஸில், அவர் கண்முன்னே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறை அது. டிரம்ஸ் அடித்தவர் செத்துப் பல வருஷமாகிறது. இனி யாரிடம் போய் அந்த நாலாவது கையெழுத்தை வாங்குவது?

வாசல் கதவில் ஒரு கீறல் இல்லை. அலுமாரிச் சாவி வழக்கம்போலச் சமையலறை ஆணியில் தொங்கியது. வீட்டுச் சாவி நான்கு பேரிடம் இருந்தது. மார்செல், அவருடைய அக்கா மகன் ரோமன், நேர் கீழ் வீட்டில் இருக்கும் ஜெனவியேவ் என்ற பிரெஞ்சு அம்மாள், சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் ஜனகன்.

நான்கு பேர்தான். ஆனால் திருடன் யார் என்று முடிவுகட்ட மார்செலுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

ஞாயிறு, காலை பத்தரை மணி.

வசந்தரூபி மூன்றாம் மாடிக்கு ஏறி வரும்போதே மூச்சிரைத்தது. பாதி படிக்கட்டால், பாதி கோபத்தால். ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அவள் வேலை. ஜனகன் அவளுடைய மாமி மகன். முல்லைத்தீவிலிருந்து வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். கச்சேரி முடிந்ததும் நேரே கடைக்குப் போய்க் கழுவி முடித்து, அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் வந்தவனுக்கு அவனுடைய பெட்டி வாசலுக்கு வெளியே கிடந்தது. இப்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

"வெளியிலை போ எண்டிட்டார், மச்சாள். செவ்வாய்க்கிழமை எனக்கு விசா அலுவலுக்குப் பிரிபெக்தூர் கந்தோரிலை ரண்டேவூ. இவரின்ரை வீட்டிலை இருக்கிறன் எண்டு இவர் கடிதம் தராட்டில் நான் விலாசமில்லாத ஆள். விசா புதுப்பிக்க மாட்டாங்கள். பொலிசுக்கும் சொல்லப் போறாராம்."

"எடுத்தனியோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீயுமா?"

"கேக்க வேண்டிய கேள்வி, கேட்டிட்டன். எழும்பு. மூஞ்சையைத் துடை. செத்த வீட்டுக்குப் போற மாதிரி உள்ளுக்கை வராதை."

கூடத்தில் மார்செல் காலியான அலுமாரிக்கு எதிரே, அதைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தார். பாண்டிச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். சோபாவில் ரோமன் சாய்ந்திருந்தான். கையில் காப்பி. சத்தம் கேட்டு ஏறி வந்த ஜெனவியேவ் அம்மாள் கதவு நிலையிலேயே நின்றாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் போக மனமில்லை.

"ரோமனைப் பாரும்மா," என்றார் மார்செல். "இங்க பாரிஸ் பக்கத்துல பொண்டியில இருக்கிற வீட்டை இந்த மாசக் கடைசியில காலி பண்ணணும், போக இடமில்ல. அவ்வளவு கவலையிலும் விடிஞ்சதும் எனக்காக ஓடி வந்திருக்கான்."

"வந்தவர் நல்லாத்தான் இருக்கிறார்," என்றாள் வசந்தரூபி, காப்பிக் கோப்பையைப் பார்த்து. "ஐயா, நேற்று நடந்ததைச் சொல்லுங்கோ."

"மூணு டிக்கெட் எடுத்தேன். அவங்க கடைசிக் கச்சேரின்னு சொல்றாங்க, பையன்களும் பாக்கட்டும்னு. எனக்கு முழங்கால் வலி, மேல உக்கார்ற இடம். இவங்க ரெண்டு பேருக்கும் கீழ நிக்கிற இடம். நான் சாயங்காலமே கிளம்பிட்டேன். கிளம்பும்போது அந்த உறையைக் கண்ணால பாத்துட்டுத்தான் போனேன். லிஃப்ட் இருக்கிற தனி வாசல் வழியா விட்டாங்க."

"போன் கொண்டு போனீங்களோ?"

"கச்சேரிக்கு நான் ஃபோன் எடுத்துட்டுப் போறதில்ல. பாட்டுக் கேக்கத்தானே போறோம்." அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "நேத்து பாரு, ஜனங்களுக்கே புத்தி வந்துடுச்சு. ஒருத்தன்கூட ஃபோனைத் தூக்கிப் பிடிக்கல. மேல இருந்து பாத்தா அத்தனை ஆயிரம் தலையும் இருட்டுல, பழைய காலம் மாதிரியே. பாடுறவனுக்கு எழுபத்தெட்டு வயசு. கிழவன் என்னமா கத்துறான்."

பிறகு அலுமாரியைப் பார்த்தார். முகம் பழையபடி சுருங்கியது.

வசந்தரூபி ஜெனவியேவ் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் கேட்டாள். அந்த அம்மாள் தயங்காமல் சொன்னாள்: எட்டு மணிச் செய்தி தொடங்கிச் சற்று நேரத்தில் மேல் வீட்டுக் கதவு சாவியால் திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரென்று பார்க்கவில்லை. மார்செல் எதையோ மறந்து திரும்பி வந்ததாக நினைத்தாளாம்.

"அப்ப எட்டு மணி தாண்டி ஆரோ வந்திருக்கினம். ஜனகன் எண்டு என்னெண்டு முடிவெடுத்தனீங்கள்?"

பதில் ரோமனிடமிருந்து வந்தது. "நான் கீழதானே நின்னேன். தேடினேன், இவன் இல்ல. டிக்கெட்டைக் கார் து நோர் ரயில் ஸ்டேஷன்ல யாருக்காவது வித்திருப்பான்." தன் போனை நீட்டினான். "பாருங்க. பாட்டு நடக்கும்போதே இவனுக்கு அனுப்பினேன். 'நான் மேடைகிட்ட நிக்கிறேன், நீ எங்க'ன்னு. ஒம்பது தாண்டி. பதிலே இல்ல."

"பாட்டு முடிஞ்சு வெளியிலை வந்துதான் அதைக் கண்டனான்," என்றான் ஜனகன். "ஐயா இரவு போன் எடுத்துக் கேட்டவர், அப்பவே சொன்னனான். போன் பையுக்கை. திறப்பு அவையளிட்டை, வாசலிலை. நான் என்னெண்டு பாக்கிறது?"

"பையைத் திறந்து பாக்கிறது எல்லா வாசல்லயும் நடக்கிறதுதான்," என்றார் மார்செல் சலிப்போடு. "அதுக்காகக் கச்சேரி முடியிற வரைக்கும் பதில் சொல்லாம இருப்பியா?"

வசந்தரூபி எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

"அதை விடுங்க," என்றான் ரோமன். "இவனே காட்டின சாட்சியைப் பாருங்க. மாட்டிக்கிட்டதே அதுலதான்."

ஜனகன் தன் போனை எடுத்துக் கொடுத்தான். கச்சேரி வாசலில் நின்று அம்மாவுக்கு அனுப்பிய செய்தி. மணி எட்டு தாண்டிப் பத்து நிமிஷம். தட்டி எழுத அவனுக்குப் பொறுமை இல்லை. அவன் பேசுவான், போன் எழுதும், திருப்பிப் பார்க்காமல் அனுப்பிவிடுவான். அதில் இப்படி இருந்தது:

"அம்மா நான் சுகமா இருக்கிறேன் சரியான சனம் பூசை பா பூசை பா முடிய போன் எடுக்கிறேன்."

அம்மாவின் பதிலும் கீழே இருந்தது: "எனக்கும் சேர்த்துக் கும்பிடு ராசா."

"எங்ககிட்ட கச்சேரிங்கிறான், அம்மாகிட்ட பூசைங்கிறான்," என்றான் ரோமன். "காலையில கோயில்ல நிக்கிறவங்ககிட்டயும் கேட்டுட்டேன். அங்கயும் இவனை யாரும் பாக்கல. கச்சேரியிலும் இல்ல, கோயில்லயும் இல்ல. வேற எங்க இருந்திருப்பான்?"

"நான் பூசை எண்டு சொல்லவேயில்லை, மச்சாள். போன் தானா எழுதினது."

"போன் தானா எழுதாது. கேட்டதைத்தான் எழுதும்." அவள் செய்தியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் சொல்லும்போது உதட்டோரம் இறுகியது. "கோயிலுக்குப் போய் விசாரிச்சிருக்கிறீங்கள். ஆனா இதை ஒருக்கால் சத்தமாச் சொல்லிப் பாக்க இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் தோணேல்லை."

கதவுப் பக்கம் திரும்பினாள். ஜெனவியேவ் அம்மாளின் முகத்தைப் பார்த்து, அதட்டலாக, வேகமாகச் சொன்னாள்:

"பூசை பா! பூசை பா!"

அந்த அம்மாள் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினாள். மார்பில் கைவைத்து, பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னாள். மார்செலின் வாய் மெல்லத் திறந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. வசந்தரூபி ஜனகனுக்காக அதைத் தமிழில் சொன்னாள்:

"'நான் ஆரையும் தள்ளேல்லையே, என்னை ஏன் தள்ளாதை எண்டு சொல்றீங்கள்' எண்டு கேக்கிறா."

வசந்தரூபி போனை ஜனகனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"பூசே பா. தள்ளாதேங்கோ. வாசல் காவலாளி சனத்தைப் பாத்துக் கத்தியிருக்கிறான். இவன் அம்மாவோடை கதைக்க, பக்கத்திலை கத்தினதையும் போன் தமிழ் எண்டு நினைச்சு எழுதிப்போட்டுது. எட்டு மணி தாண்டி இஞ்சை கதவு திறபட்ட நேரம், இவன் சனத்துக்கை நெரிபட்டுக்கொண்டு நிண்டிருக்கிறான். எந்தக் கோயிலிலையப்பா பூசகர் பிரெஞ்சிலை கத்துறார்?"

மார்செல் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஆனா உள்ள இவனைத் தேடினேன்னு ரோமன்..."

"ஓம், இனி அவரிட்டை வருவம். நேற்று இரவிலையிருந்து எல்லாக் கேள்வியும் ஜனகனுக்குத்தான். இவர் எங்கை நிண்டவர் எண்டு ஆரும் கேட்டனீங்களோ?" அவள் சோபாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்கோ ரோமன். உள்ளுக்கை போகேக்கை உங்கடை போன் எங்கை இருந்தது?"

"எங்க இருக்கும்? கையிலதான்."

"முழு நேரமும்?"

"முழு நேரமும். முதல் பாட்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு வீடியோகூட எடுத்தேன்."

"காட்டுங்கோ."

"அழிச்சுட்டேன். சத்தம் சரியில்ல."

"உங்களை மாதிரி வேறை ஆக்களும் எடுத்தவையோ?"

"எல்லாரும்தான். எனக்கு முன்னால முழுக்க ஃபோன்தான்."

மார்செல் மெதுவாகத் தலையைத் திருப்பி மருமகனைப் பார்த்தார்.

"ஐயா," என்றாள் வசந்தரூபி, "திறப்பு எண்டால் என்ன?"

"திறக்கிறது. ஊவெர்த்யூர். ஏன்?"

"உங்கடை தமிழிலை. எங்கடை தமிழிலை திறப்பு எண்டால் சாவி."

அவர் புருவம் நெரிந்தது.

"ஜனகன் இரவும் சொன்னவன், இப்ப உங்களுக்கு முன்னாலையும் சொன்னவன். போன் பையுக்கை, திறப்பு அவையளிட்டை வாசலிலை. பையைத் திறந்து பாத்தவை எண்டு நீங்கள் விளங்கிக்கொண்டீங்கள். அவன் சொன்னது வேறை. வாசலிலை ஒவ்வொருத்தரின்ரை போனையும் ஒரு சின்னப் பையுக்கை வைச்சுப் பூட்டித் தந்திருக்கினம். சாவி வாசலிலை. வெளியிலை வரேக்கைதான் திறந்துவிடுவினம். என்னடா ஜனகன், சரியோ?"

"ஓம் மச்சாள். அதைத்தானே நான் இரவு முழுக்கச் சொன்னனான்."

"கிழடுகளுக்குத் தங்கடை பாட்டை ஆரும் படம் எடுக்கிறது பிடிக்காதாக்கும். உங்களிட்டை போன் இல்லை, தனி வாசலாலை போனீங்கள், அதாலை உங்களுக்கு இது தெரியாது. ஜனங்களுக்குப் புத்தி வரேல்லை, ஐயா. போனைப் பூட்டிப்போட்டினம். அந்த மண்டபத்துக்கை ஒன்பது மணிக்கு மேடைக்குப் பக்கத்திலை நிண்டு செய்தி அனுப்பின ஒரே மனுசன் உங்கடை மருமகன்தான். அவர் அங்கை போகவேயில்லை. எட்டு மணிக்கு இஞ்சை வந்து, ஆணியிலை கிடந்த சாவியாலை அலுமாரியைத் திறந்து, எடுத்து, திரும்பப் பூட்டினவர் அவர். பிறகு வேறை எங்கையோ இருந்துகொண்டு, தான் உள்ளுக்கை நிக்கிறன் எண்டு காட்ட உந்தச் செய்தியை அனுப்பினவர்."

ரோமன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தான். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எதுக்குடா?" என்றார் மார்செல்.

"எனக்கு அடுத்த மாசம் படுக்க இடமில்ல, மாமா. நான் உங்க ரத்தம். அந்த ரூமை யாரோ ஒரு அகதிப் பையனுக்குக் குடுத்து வச்சிருக்கீங்க. கேட்டா, இருக்கிறவனை எப்படி அனுப்புறதுன்னீங்க. அதான், நீங்களே அனுப்புற மாதிரி..." தோளைக் குலுக்கினான். "உறை பொண்டியில பத்திரமா இருக்கு. ஒரு மடிப்பு விழல."

"உறையிலை மடிப்பு விழேல்லை," என்றாள் வசந்தரூபி. "நல்லது. இவன்ரை விசாவிலை விழுந்திருந்தால்?"

மார்செல் எழுந்து மேசைக்குப் போனார். ஒரு தாள் எடுத்து, செவ்வாய்க்கிழமைக்கான கடிதத்தை நின்றபடியே எழுதினார். ஜனகன் இந்த வீட்டில்தான் இருக்கிறான், இன்னும் இருப்பான் என்று. கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"சரி. ரோமன், நீ போய் அதைக் கொண்டாந்து வை. சாவியையும் குடுத்துடு. இதோட விட்டுடுவோம். குடும்ப விஷயம், போலீஸ் எல்லாம் எதுக்கு."

"ஓகோ," என்றாள் வசந்தரூபி. அவள் குரல் உயரவில்லை. மார்செல் அந்தக் குரலுக்குத்தான் அதிகம் கூசினார். "அரை மணித்தியாலத்துக்கு முதல் அது பொலிஸ் விஷயம். களவும் அதேதான், உறையும் அதேதான். கள்ளனை மாத்தினவுடனை குடும்ப விஷயமாப் போச்சு, என்ன?"

"என்னம்மா பண்ணச் சொல்ற? அக்கா பிள்ளை."

"இவனும் ஒரு அக்கா பிள்ளைதான். கள்ளன் எண்டு பேர் வாங்கினது நீங்களில்லை, ஐயா. விடுறதோ விடாததோ உங்கடை கையிலை இல்லை. அவனைக் கேளுங்கோ."

மார்செல் ஜனகனைப் பார்த்தார். இந்த முறை நேராக.

"நீ என்ன..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீங்க என்ன சொல்றீங்க, ஜனகன்? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கப்பட்டதெல்லாம் வேறு கேள்விகள். ஜனகன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, தன் அறைக் கதவோரம் வைத்தான். அவசரப்படவில்லை. ரோமன் இப்போது சாய்ந்திருக்கவில்லை. சோபாவின் நுனிக்கு வந்திருந்தான்.

"யோசிச்சுச் சொல்லுறன், ஐயா," என்றான் ஜனகன். "நாளைக்கு வேலை முடிய."

"நாளைக்கா?" என்றான் ரோமன். "அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"காத்திருங்கோ அண்ணை," என்றான் ஜனகன். "பழகினால் அவ்வளவு கஷ்டமில்லை."