ஆஹா சொன்னவர்

தம்புராவை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ஆட்டோவில் கோரிப்பாளையம் சந்திப்பைக் கடப்பது எப்படிப்பட்ட அவஸ்தை என்று இந்துப்ரியாவுக்கு அன்று காலைதான் தெரிந்தது. தம்புராவின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் படியில் தொங்கிய ஒருவர் சும்மா இருக்கமாட்டாமல் அதைச் சுண்டிப் பார்த்தார். தர்காவைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

தம்பி வெங்கடேஷ்பாபு வாசலில் காத்திருந்தான். எப்போதோ ஒரு தோல் வியாபாரி கட்டிய மாடி வீடு அது. சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைக்கக் குடோனாக வாடகைக்கு எடுத்திருந்தான். மாடியில் தேக்கு உத்திரம் போட்ட நீளமான கூடம் ஒன்று இருந்தது. அங்கே கை தட்டினால் ஓசை உடனே அடங்காமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும். அதைக் கேட்ட நாளிலிருந்தே அக்காவை அங்கே பாடவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"எல்லாரும் வந்துட்டாங்கக்கா. பெரியப்பா வீட்டு ஆளுக, கடைக்காரங்க, எல்லாம் மேலதான் இருக்காங்க." ஆட்டோக்காரர் எதிரில் என்பதால் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தை விட்டுத் தமிழில் சொன்னான்.

"பாட்டுக் கேக்க வந்தாங்களா, கேசரிக்கு வந்தாங்களா?"

"ரெண்டுக்குந்தான். நீ வா."

அவனுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை. புனேயில் வருஷக்கணக்காகக் குருவின் வீட்டில் கிடந்து இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கற்றவள். அப்பா இறந்த பிறகு மதுரைக்கு வந்தால், இங்கே அதற்குக் காது கொடுக்க ஆள் இல்லை. அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து விடும்மா" என்றார்கள். இன்று ஒரே ஒருவராவது உருப்படியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் தம்புராவைப் பரணில் ஏற்றிவிட்டு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ரைம்ஸ் சொல்லித்தரப் போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை விட்டுவிட்டு வந்ததே பெரிய உபகாரம் என்ற முகத்தோடு பெரியப்பா முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்தார். தபலாவுக்குப் பாபுவின் நண்பன் கார்த்திகேஷ். குடோனைக் கூட்டிப் பெருக்கும் மாயக்காள் மோர் டம்ளர்களோடு மாடிப்படியில் நின்றாள்.

தொடங்குமுன் இந்துப்ரியா கை கூப்பிச் சொன்னாள். "வடக்க இந்த மாதிரிச் சின்னக் கச்சேரியில கேக்குறவங்க பேசாம இருக்கக்கூடாது. ஒரு இடம் நல்லாருந்தா வாய்விட்டு ஆஹா சொல்லணும். அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாங்க மேல போவோம். கூச்சப்படாம சொல்லுங்க."

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

உச்சி வேளைக்கு உரிய சாரங் ராகத்தை எடுத்தாள். தாளமே இல்லாத ஆலாபனைக்குப் பெரியப்பா தொடையில் தாளம் போட்டார். கார்த்திகேஷ் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான். கடைக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆஹா."

கடைசி ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. வயதான, மெல்லிய குரல். சொல்ல வேண்டிய இடத்தில் கச்சிதமாகச் சொல்லப்பட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அந்த மூலையில் மட்டும் மரக்கதவுகளைச் சாத்தி வைத்திருந்ததால் எதுவும் பிடிபடவில்லை. யாராக இருந்தால் என்ன, ஒருவர் கேட்கிறார்! அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த மூலையைப் பார்த்தே பாடினாள்.

ரிஷபத்தை நீளமாக நிறுத்தினாள். "ஆஹா." நிஷாதத்தை உரசிக்கொண்டு கீழே இறங்கினாள். "ஆஹா." குருவிடம்கூட இப்படி ஒரு வார்த்தை வாங்கியதில்லை. குரல் அவள் சொன்னபடியெல்லாம் வளைந்தது. பதப்படுத்திய தோலின் வாடை எங்கிருந்தோ வந்தது. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து பஞ்சமத்துக்குப் போகலாம் என்று நினைத்தாள்.

"ஆஹா."

அவள் இன்னும் பாடவில்லை.

சரி, வேறு பக்கம் திரும்பலாம் என்று எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் அதற்கும் ஆஹா வந்தது. இப்போது குரல் கடைக்காரர்களுக்கு நடுவிலிருந்து கேட்டது.

பெரியப்பாவின் கை தொடைமேல் அசையாமல் இருந்தது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

ஆஹா முன்னே போனது. அவள் குரல் பின்னே போனது.

போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். வாய் மூட மறுத்தது.

"இன்னும்," என்றது, காதுக்குள்.

தோல் வாடை மூச்சை அடைத்தது.

"இன்னும்."

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பாபு. அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா! என்னக்கா பண்ணுது?"

"ஒண்ணுமில்லயே. பாடிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"எங்கக்கா பாடுன? ஆரம்பத்துல கொஞ்சம் பாடுன. அப்புறம் வாயி மட்டுந்தான் அசையுது, சத்தமே வரல. இம்புட்டு நேரமா வெறும் தம்புராதான் கேக்குது."

"பின்னாடி பெரியவர் ஒருத்தர் ஆஹா, ஆஹான்னாரே?"

பாபு திரும்பிப் பார்த்தான். "பின்னாடி கேசரிச் சட்டிதான்க்கா இருக்கு," என்றான் மெதுவாக.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சும் பழையபடி வந்தது. ஆனால் பாடலாம் என்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். பாத்திரம் கழுவும்போது தன்னை மறந்து முனகுகிற முனகல்கூடப் போய்விட்டது. இரவுகளில் தலையணையில் முகத்தைப் புதைத்து 'ஸ' என்ற ஒரே ஸ்வரத்துக்காக முக்கிப் பார்ப்பாள். அழுகைக்கு மட்டும் சத்தம் இருந்தது.

ஆடி மாதக் கூட்டத்தில் ஒருநாள் பாபுவின் கடையில் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வாங்க வந்த மாயக்காள் அவளைக் கண்டதும் வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள்.

"ஏந்தாயி, தெனமும் இந்த வேகாத வெயில்லயா வந்து பாடிட்டுப் போகணும்? சாயங்காலமா வரக்கூடாதா? ஆனா ஒண்ணு தாயி, பாட்டு எம்புட்டு நல்லாருக்கு! நான் கீழ கட்டு அடுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்."

கச்சேரிக்குப் பிறகு இந்துப்ரியா அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பாபு கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு இருவரும் போனார்கள். மாடிக்கதவில் பூட்டுத் தொங்கியது. "நீ கீழயே இரு. என் தொண்டைய நான் வாங்கிட்டு வாரேன்," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவள் மட்டும் படியேறினாள். கதவைத் திறக்கவேண்டும், யாராக இருந்தாலும் சண்டை போடவேண்டும், காலில் விழச் சொன்னால் விழவேண்டும். அப்படித்தான் போனாள்.

உள்ளே பாட்டுக் கேட்டது.

அவளுடைய குரல்.

புனேயில் அத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து எதற்காக உயிரை விட்டாளோ, அதெல்லாம் அந்தக் குரலில் கனிந்திருந்தது. ரிஷபம் அசையாமல் நின்றது. அங்கிருந்து மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு இறங்கியபோது, சாவி கையில் இருந்ததையே மறந்துபோனாள்.

"ஆஹா."

சொன்னது அவள்தான்.

உள்ளே பாட்டு நின்றது. ஜமுக்காளம் சரசரத்தது. யாரோ கதவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறகு ராகம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, நிதானமாக, அவளுக்கென்றே.

அவள் படியில் உட்கார்ந்தாள். தோல் வாடை அடித்தது. ஏற்கெனவே அந்தப் படியில் இருந்த யாரோ கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

"அக்கா, கதவு தெறக்கலையா? நான் மேல வரவா?" என்று கீழிருந்து பாபு கத்தினான்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத பாபு. நான் பாடிக்கிட்டு இருக்கேன்."