இருவர் கண்ட வளையம்

"அம்மா, தூவானம் அடிக்குது... குடைக்குள்ள வா."

பழுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்தி நின்ற அந்த உருவம் மனோரமாவுக்குத் தன் தாயாகவே தோன்றியது. உருவம் திரும்பியது. அதற்கு மீசை இருந்தது.

"அம்மா இல்லீங்க... செங்கல்வராயன்."

அவள் நாணிக் குடையை இழுத்துக்கொண்டாள். கம்பி அவன் சால்வையில் சிக்கியது. அதை விடுவிக்கக் குனிந்தவன் கண்களைச் சுருக்கி மிக அருகில் வந்து பார்த்தான். அவளும் அப்படியே பார்த்தாள். மழைத்துளி தங்கிய இமைகள்... ஒரு கணம்தான். பிறகு இருவரும் வெவ்வேறு திசையில் நகர்ந்துவிட்டனர்.

அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை அது. ஜவ்வாது மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டுவதாகச் சொன்னதால், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஆட்கள் லாரியில் வந்திருந்தனர். குடியாத்தத்துப் பள்ளி ஆசிரியை மனோரமாவோ, தாயுடன் வாடகைக் காரில் வந்திருந்தாள். வெளிக்குத்தான் உல்லாசப் பயணம். உண்மையில் அது பெண் பார்க்கும் பயணம். மாப்பிள்ளையின் அத்தை தனகோடி அம்மாள் உடன் வந்திருந்தார்.

மனோரமாவின் மூக்குக் கண்ணாடி தாயின் சுருக்குப் பையில் ஒளிந்திருந்தது. கண்ணாடி போட்ட பெண் என்று தெரிந்தே முன்பு இரண்டு இடங்கள் தட்டிப்போயின. இதுவும் போனால், அவளுக்கு அடுத்துக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கைக்கும் வழியில்லை.

தூறல் விட்டது. மேகம் விலகியது. முற்றத்தில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் முன் வரிசை நின்றது. கருவியைக் காட்டியவர், கலங்கித் தெரிந்தால் பக்கத்துத் திருகை அவரவர் கண்ணுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம் என்றார். மனோரமா கண் வைத்தாள். மங்கிய வெளிச்சம்... திருகைத் திருப்பினாள்... இன்னும் சிறிது... சட்டென்று இருளில் சனிக் கோள் நின்றது, தன் வளையத்தோடு. கண்ணாடியின் துணையில்லாமல் தொலைவில் உள்ள எதையும் அவள் அதுவரை தெளிவாகக் கண்டதில்லை. விலக மனமின்றி விலகினாள்.

அடுத்துப் பார்த்த தனகோடி அம்மாள் முகம் சுளித்தார். வெறும் புகைதான் தெரிகிறது என்றார். கருவியாளர் புன்னகையோடு, இன்னொருவர் பார்க்கட்டும் என்றார். அவருக்குத் தெளிவாக இருந்தால் குறை அம்மாளின் கண்ணில். கலங்கலாக இருந்தால் திருகைத் திருப்பியவர் கண்ணில்.

தனகோடி அம்மாளின் பார்வை மனோரமாவின் மேல் நின்றது.

அடுத்தவன் செங்கல்வராயன். அவன் கண் வைத்தான். திருகைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வளையம் கூரிய கத்தியால் அறுத்ததுபோல் தெளிவாக நின்றது. அப்படியானால்... அந்தப் பெண்ணின் கண்ணும் தன் கண்ணும் ஒன்றேதான்!

ஆனால் அவனுக்குப் பின்னால் நின்றவர் தொழிற்சாலை மேஸ்திரி மக்பூல் அகமது. தெளிவு என்று சொன்னால், அடுத்து அவர் பார்ப்பார், புகையைக் காண்பார், இவன் கண்ணிலும் குறை என்று அறிவார். செங்கல்வராயன் தோல் ரகம் பிரிப்பவன். கையில் எடுத்த தோலின் ஊசிமுனைத் துளையும் அவனுக்குத் தப்பாது, தூரம்தான் தெரியாது. இருந்தும் கண்பார்வை குறைந்தவனுக்கு ரகம் பிரிக்கும் மேசையில் இடமில்லை என்பது முதலாளியின் சட்டம்.

இருளுக்கு அஞ்சிய மின்மினி ஒன்று தன் விளக்கைச் சிறகுக்குள் மூடிக்கொண்டதாம். இருள் அதை விழுங்கவில்லை; அந்த ஒளியை நம்பிப் பின்தொடர்ந்த எறும்புதான் குளத்தில் விழுந்தது. செங்கல்வராயனும் அப்போது அந்த மின்மினியாக இருந்தான்.

"கலங்கலாத்தான் இருக்குது" என்றான்.

அதன்பின் பேச எதுவும் மிஞ்சவில்லை. தாய் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தனகோடி அம்மாள் அங்கேயே முடித்துவிட்டார். மழை மீண்டும் பிடித்தது. எல்லாரும் தாழ்வாரத்தில் ஒதுங்கினர். மனோரமா தூணருகே தனியே நின்றாள். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை... இனி எந்த வாசலில் போய் நிற்பது?

செங்கல்வராயன் தயங்கித் தயங்கி வந்தான்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்?"

"கண்ணுதாங்க எனக்குச் சோறு."

"எனக்கு மட்டும் அது வேற இன்னாவாம்?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கேள்வி அவனை நிற்கவிடவில்லை. நேராகச் சென்று, மேஸ்திரியும் தனகோடி அம்மாளும் கேட்க உண்மையைச் சொன்னான். அம்மாள் மனம் மாறவில்லை.

"அதனால இன்னா? கண்ணு தெரியாததுங்க ரெண்டாச்சு" என்று காரில் ஏறிக்கொண்டார்.

மக்பூல் அகமது பீடியை அணைத்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது.

"இத்தினி நாளா மேசையில ஒரு பேஜாரு இல்லாம செஞ்சே. ஆனா முதலாளிகிட்ட நான் மறைக்க முடியாது, தம்பி. திங்கக்கிழமைலேர்ந்து தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிக்குப் போயிடு."

அவன் தூணருகே திரும்பி வந்தபோது, மனோரமா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கார் ஒலி எழுப்பியது. தாய் அவளை அழைத்தாள்.

"நீங்க சொல்லியும் என் கல்யாணம் நடக்கல. உங்க வேலையும் போச்சு" என்றாள்.

"ஆமாங்க."

"சம்பந்தம் போனதுகூட எனக்கு வலிக்கல. நான் பார்த்தது நெஜம்னு சொல்ல ஒருத்தர்கூட இல்லையேன்னுதான்..." என்றாள்.

"ஒருத்தன் இருக்கான்" என்றான் மெல்ல. "குடைய நீட்டினப்பவே அவன் மனசு போய்ட்டுது. ஆனா குழியில நிக்கிறவன்... சுண்ணாம்பு தின்ன கையோட உங்க வாசலுக்கு வரமாட்டான்."

கார் மறுபடி ஒலித்தது. அவள் இரண்டடி நடந்தாள். நின்றாள். மழைக்கு அப்பால் அவன் உருவம் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது.

"எந்தக் குழின்னு சரியாச் சொல்லுங்க" என்றாள். "நானே வந்து தேடணும். தூரத்துலேர்ந்து எனக்குத் தெரியாது."