பாதி நிரை

மழை விட்டிருந்த காலையில், பதுளை பஸாரின் மேல்மாடியில் இருந்த பத்மநாதனின் அறைக்கு இராமையா வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஒன்னு மட்டும் தெரியணுங்க. என் பொஞ்சாதியக் கொன்னது தயானி சொன்ன வார்த்தைதானா?"

பத்மநாதன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொழியில் சிக்கிய வழக்குகளோடு ஆட்கள் இன்னும் அவரைத் தேடி வந்தார்கள். விஞ்ஞானப் பட்டதாரி ஷிஹானா, வேலை கிடைக்கும்வரை அவருக்கு உதவியாக இருந்தாள்.

இராமையா விட்டு விட்டுச் சொன்னார். அவருடைய மனைவி குணமணியும் சிங்களத் தோழி தயானியும் போன வாரம் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், மலையின் மேல் முனையில் தனியாகக் கொழுந்து பறித்தார்கள். குணமணியை நாகம் தீண்டியது. தயானி தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டர் கஜரூபனுக்கு போன் எடுத்து, நாகம் கடித்துவிட்டது என்பதைத் தன் சிங்களத்தில் "நயா கேவா" என்று அலறினாள். அவருக்கு அது "நாய்" என்று கேட்டதாம். நாய்க்கடிதானே என்று, கொழுந்து லொறியை முதலில் ஃபெக்டரிக்கு அனுப்பிவிட்டார். அது திரும்பி வந்து குணமணியை ஏற்றிப்போக, ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது. மரண விசாரணை மொழிக் குழப்பம் என்று முடிந்தது.

"லயத்து வீடுகள்ல தயானிகூட யாரும் பேசுறதில்ல. நானும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

ஷிஹானாவால் அடக்க முடியவில்லை. "ஒரே சத்தம், சேர்! 'மம' எண்டா சிங்களத்துல நான். நீட்டினா எங்களுக்கு மாமா. 'தெல்' அங்க எண்ணெய், இங்க கொட்டுற தேள். நயா அங்க பாம்பு, இங்க நாய். அந்தச் சொல்லுதான் கொன்னிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் இராமையாவின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொருந்துது, பிள்ளை," என்றார் பத்மநாதன். "அளவுக்கு மிஞ்சிப் பொருந்துது. மலையைப் பார்ப்பம்."

தேயிலை மலையில் பத்மநாதன் செடிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, ஓரிடத்தில் நின்றார்.

"என்ன தெரியுது?"

ஷிஹானா பார்த்தாள். ஒவ்வொரு நிரையிலும் கீழ்ப்பாதி பறித்துத் துளிர்த்திருந்தது. மேல்பாதியில் கொழுந்து முற்றி, இலையாகி நின்றது.

"பாதியில விட்டிருக்காங்க. எல்லா நிரையும்."

"நிரையைப் பாதியில விட்டா யாரும் சும்மா இருப்பாங்களா, இராமையா?"

"ஏச்சு வாங்கணுங்க. முடிச்சிட்டுத்தான் எறங்கணும்."

எப்போது பாதியில் விட்டார்கள் என்று கீழே பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பத்மநாதன் கேட்டார்.

"குணமணி செத்த அன்னைக்குத்தாங்க," என்றாள் அவள். "கண்டக்டர் ஐயாவே ஓடியாந்து, கூடையத் தூக்கிட்டு அடுத்த மலைக்குப் போங்கன்னு சத்தம் போட்டாரு. ஏன்னு சொல்லல. சேதி அப்புறந்தான் தெரியும்."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கஜரூபன் இருந்தார். பத்மநாதன் குரலை உயர்த்தவில்லை.

"நாய் கடிச்சா நாயைத்தான் துரத்துவாங்க, தம்பி. மலை முழுக்க ஆக்களை விலத்த மாட்டாங்க. செடிக்குள்ள பாம்பு கிடக்குது எண்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிச் செய்யும். உங்களுக்குச் சரியா விளங்கினது."

கஜரூபன் தராசிலிருந்த கூடையை இறக்கி வைத்தார்.

"லொறியில கொழுந்து நிறைஞ்சு கிடந்தது," என்றார் கடைசியில். "சுணங்கினாப் பழுதாப் போயிடும். இறக்கிப்போட்டு வந்தாக் காணும் எண்டு நினைச்சன். பிறகு ஆரோ, நாய் எண்டு கேட்டிருக்கும் எண்டு சொல்லிச்சினம். நான் மறுக்கேல்லை."

ஷிஹானா காத்திருந்தாள். இராமையா கத்தவில்லை, கையை ஓங்கவில்லை.

"வார்த்தை தப்பாப் போச்சுன்னா, விதின்னு அழுதுட்டுப் படுத்திருப்பேங்க," என்றார். "சரியாத்தான் கேட்டிருக்கு. இனி எப்படித் தூங்குறது?"

பத்மநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லி எழுதலாம் என்றார். திறப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை.

லயத்துக்கு வந்தபோது தயானியின் கதவில் பூட்டுத் தொங்கியது. காலை பஸ்ஸில் மொனராகலைக்குப் போய்விட்டாள், சாமான்களோடு, என்று அடுத்த காம்பிரா வீட்டில் சொன்னார்கள். போனும் வேலை செய்யவில்லை. போகும்போதும் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம்.

இராமையா ஷிஹானா பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருன்னு அவ பாஷையில எப்படிம்மா சொல்றது?"

"சமாவென்ன," என்றாள்.

அவர் அந்தச் சொல்லைப் பூட்டிடம் சொன்னார்.