பீங்கான் சேவல் அளந்த ஆழம்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் களிமண் வெட்டிய பெரிய குழி ஒன்று இருந்தது. ஐப்பசி மழை அதை நிரப்பிவிட்டது. களிமண் கரைந்து தண்ணீர் பால் போல வெளுத்திருந்ததால் அடி தெரியவில்லை.

குழியின் நடுவில் இருந்த மண்மேட்டில் பழமலையின் ஆட்டுக்குட்டி நின்று கத்தியது. மழைக்கு முன்னால் மேயப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. வானம் மறுபடியும் இருட்டியது. இன்னொரு மழை வந்தால் மேடும் மூழ்கிவிடும்.

பழமலை, சூளைக்காரர்கள் கழித்துப் போட்ட பொம்மைக் குவியலின் உச்சியில் ஏறிக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். ஆறாம் வகுப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் நினைப்பு. முந்தின நாள்தான் வாத்தியார், வானத்திலிருந்து எடுத்த கடல் படம் ஒன்றைக் காட்டியிருந்தார். ஆழம் குறையக் குறைய அலைகள் நெருங்கிவருமாம். அதை வைத்தே ஆழத்தைக் கணக்கிடலாமாம்.

“சாதிகா! அலையெல்லாம் நெருக்கமா இருக்குது பாரு. முழங்கால் ஆழந்தான். நான் போயி தூக்கியாரேன்!”

கீழே நின்ற அவன் வகுப்புத் தோழி சாதிகா குறுக்கே கையை நீட்டினாள்.

“நில்லு! எங்க வூட்டுக் கெணத்துல காத்தடிச்சாலும் இப்பிடித்தான் அலை வருது. தட்டுல தண்ணி ஊத்தி ஊதினாலும் இப்பிடித்தான். கெணறும் தட்டும் ஒரே ஆழமா?”

பழமலை மறுபடியும் அலையை உற்றுப் பார்த்தான்.

“கடல்ல வர்றது பெரிய அலை. இது குட்டி அலை. அடியில என்ன இருக்குதுன்னு இதுக்கு எப்பிடித் தெரியும்?”

சாதிகா குவியலிலிருந்து வால் உடைந்த பீங்கான் சேவல் ஒன்றை எடுத்தாள். உள்ளே சேற்றை அடைத்து, ஆட்டுக்கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டாள். கயிறு போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முனை மட்டும்தான் கையில் மிஞ்சியது.

பழமலைக்கு முகம் வெளிறிப்போனது. “இதுலயா நான் எறங்க இருந்தேன்?”

கரையைச் சுற்றி வந்து சேவலை வீசிப் பார்த்தார்கள். வேலமரத்துப் பக்கம் விழுந்தபோது அது முழுக்க மூழ்கவில்லை. முதுகு வெளியே தெரிந்தது. இன்னும் தள்ளி, மேடு வரைக்கும் வீசினார்கள். எங்கே விழுந்தாலும் முதுகு தெரிந்தது. ஆனால் அலை மட்டும் அங்கேயும் அதே அலைதான்.

சாதிகா வேலந்தழையை ஒடித்து ஆட்டினாள். “வா, வா!”

குட்டி யோசித்தது. பசி ஜெயித்தது. வயிறு நனைய நடந்து கரையேறி, நேராகத் தழையில் வாயை வைத்தது. பழமலை அதைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

மறுநாள் வகுப்பில் அவன் எழுந்து நின்றான். “சார், அந்தப் படத்த எடுத்தவங்க, கயிறு விட்டும் பாத்தாங்களா?”

“எந்தக் கயிறுடா?” என்றார் வாத்தியார்.

சாதிகா பையைத் திறந்து, வாலில்லாத சேவலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.