தீர்த்தம் இல்லாத தொட்டி

2004, நவம்பர் 9, செவ்வாய். காலை 10.40.

கில்பென்னன் பேராலயத்தின் முன்வரிசைப் பெஞ்சில் பதித்திருந்த வெள்ளித் தகட்டைக் காணவில்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத தகடு. எழுநூறு வருஷக் கட்டடத்தில் எடுத்துப்போக எத்தனையோ இருக்க, யாரோ இதைப்போய் எடுத்திருந்தார்கள். 'ராபர்ட் ஹியூசன், 1937 - 1958' என்பது தவிர அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தலைமைக் குரு டீன் க்ராஸ்பி காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். 11.05க்கு சார்ஜென்ட் டெர்வ்லா கீவனி வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்தான், கத்தோலிக்க வீட்டுப் பெண். கதவைத் தாண்டியதும் தீர்த்தம் தொட்டுக்கொள்ள அவள் வலக்கை தன்பாட்டுக்குச் சுவரோரக் கல் தொட்டிக்குள் போனது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டு முடித்த பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

"அதுல தீர்த்தம் நின்னு நானூறு வருஷம் ஆச்சு, சார்ஜென்ட்," என்றார் கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கோயில்பிள்ளை செசில் ஹியூசன். "நாங்க புராட்டஸ்டன்ட்டுங்க, தீர்த்தம் தொடற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்குத்தான் கொத்தனார் அந்தத் தொட்டியில விரிசலை அடைச்சார். நீங்க கை விட்டது சுண்ணாம்புப் பொடி."

"பழக்க தோஷம்," என்று கையை உதறினாள் டெர்வ்லா.

டீன் அவளைத் தனியே இழுத்துப் போனார். "வெள்ளிக்கிழமை பெஞ்சையெல்லாம் எடுத்துட்டு நாற்காலி போடப்போறோம். ராபர்ட், செசிலோட அண்ணன். ஏரியில மூழ்கிப் போனவர். செசில் அந்தத் தகட்டைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டார். கமிட்டி முடிவு பண்ணட்டும்னு சொன்னேன். சாவியும் அவர்கிட்டதான். அவர்தான் எடுத்தார்னா வேலையும் போகும், வேலையோட குடுத்த வீடும் போகும். எனக்கு வேற வழியில்ல."

செசிலுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

"பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று செசிலிடம் கேட்டாள் டெர்வ்லா.

"பாய்லர் ரூம்ல."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. பாய்லரைப் பத்தவச்சுட்டு இருந்தேன்."

"கதவு?"

"திறந்துதான் கிடந்தது."

"யாரையாவது பார்த்தீங்களா?"

"இல்ல."

டெர்வ்லா பக்கத்திலிருந்த ரேடியேட்டரைத் தொட்டாள். ஐஸாகக் கிடந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகள் பெஞ்சின்மேல் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டின் தலையும் கண்டபடி கீறிப் பிய்ந்திருந்தது. செசிலின் இடுப்புப் பட்டையில் ஐந்து அளவில் திருப்புளி தொங்கியது.

மதியம் 12.15.

பேராலயத்து வாசலுக்கு நேர் எதிர் வீட்டில் இருக்கிறார் மிஸஸ் ஃபிலோமினா டிக்னன். வயது அறுபத்தேழு, விதவை. தெருவில் ஒரு பூனை புதிதாக வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் டெர்வ்லா அங்கே போனாள்.

"வாடி பொண்ணே, உக்காரு. உங்கம்மா இடுப்பு எப்படி இருக்கு?"

"வலிக்குது வலிக்குதுன்னு எங்க எல்லாருக்கும் தலைவலி வரவச்சுட்டாங்க."

டீ வந்தது, சூடாக சோடா ரொட்டி வந்தது. வெண்ணெய்க் கத்தியின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. நடையில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. வியாழக்கிழமை பாஸ்டனில் இருக்கும் மகளிடம் போகிறார், திரும்புவதாக இல்லை.

"இன்னிக்குக் காலைல எதிர்ல யாராவது போனாங்களா?"

"நான் ஏன் அந்தப் பக்கம் பார்க்கறேன்? இந்த ஜென்மத்துல அந்த வாசப்படியை மிதிச்சதில்ல."

அது ஊருக்கே தெரியும். அந்தக் கதவு வந்தால் அவர் தெருவைக் கடந்து மறுபக்கம் நடப்பார்.

ஆணியில் அவருடைய கறுப்புக் கோட்டு தொங்கியது. "கோட்டுல என்ன வெள்ளையா?"

"மாவு. ரொட்டி சுட்டேன்ல?"

"கோட்டைப் போட்டுக்கிட்டா மாவு பிசைவீங்க?"

டெர்வ்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நெஞ்சுல ஒண்ணு, இடது தோள்ல ஒண்ணு, வலது தோள்ல ஒண்ணு. இதோ, என் சட்டையைப் பாருங்க."

மிஸஸ் டிக்னன் பார்த்தார். அவர் கை மெதுவாகத் தன் நெற்றிக்குப் போனது.

"அந்தத் தொட்டியை புராட்டஸ்டன்ட்டுங்க திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க. நம்மாளுங்க கைதான் கேக்காம உள்ள போகும். பொடி இன்னிக்கு ஒம்பது மணிக்குத்தான் அங்க வந்தது. செசில் கழட்டியிருந்தா திருகாணில கீறல் விழுந்திருக்காது. இது வெண்ணெய்க் கத்தி வேலை. தகட்டை எடுத்தது நீங்கதான்."

அவர் ஏப்ரன் பையிலிருந்து தகட்டை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் ராபர்ட்டும் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தோம். அவன் அடக்கத்துக்கு அந்தக் கோயிலுக்குள்ள போனா பாவம்னு எங்க சாமியார் சொல்லிட்டார். கத்தோலிக்கருங்க எல்லாரும் மதிலுக்கு வெளியே நின்னோம். நல்ல மழை. உள்ள பாடறது மட்டும் கேட்டுது."

"அந்தத் தடையெல்லாம் போய் எத்தனை வருஷம் ஆச்சு!"

"தடை போயிடுச்சு. என் கால் வரல. வெள்ளிக்கிழமை பெஞ்சைப் பேர்க்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். அவன் போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, டெர்வ்லா. பேராவது இருக்கட்டுமேன்னு..."

"பழி செசில் மேல விழுந்திருக்கு. வேலை போகப்போகுது, வீடும்."

"அந்தச் சின்னப் பையன் மேலயா?" என்று எழுந்துவிட்டார். "கோட்டை எடு."

பிற்பகல் 1.00.

மிஸஸ் டிக்னன் தெருவைக் கடந்து நேராக அந்தக் கதவுக்கு நடந்தார். ஊரே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது. நானும்தான்.

வாசலில் செசில் நின்றார். அவரைக் கண்டதும் தொட்டிப் பக்கம் போன மிஸஸ் டிக்னனின் கை பாதியில் நின்றது.

"சிலுவை போடுங்க, மிஸஸ் டிக்னன். சார்ஜென்ட் உங்க வீட்டுக்கு வந்ததைப் பார்த்ததும் நீங்க வருவீங்கன்னு புரிஞ்சுது. தொட்டியைத் தொடச்சுத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். வெறும் குழாய்த் தண்ணிதான்."

அவர் தொட்டார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாய்லர் பக்கமே நீங்க போகல," என்றாள் டெர்வ்லா செசிலிடம். "ரேடியேட்டர் சொல்லிடுச்சு."

"இவங்க காலைல மூணு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாங்க. நான் நின்னா உள்ள வரமாட்டாங்க. அதான் கோபுரப் படில போய் உக்காந்துட்டேன். தகட்டைக் காணோம்னதும் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"அண்ணனை அடக்கம் பண்ணின அன்னிக்கு எனக்குப் பத்து வயசு. சவப்பெட்டி பின்னாடி வெளியே வந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இவங்க நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. இவங்களை நான் எப்படிக் காட்டிக் குடுப்பேன்?"

மிஸஸ் டிக்னன் தகட்டை நீட்டினார். செசில் வாங்கவில்லை. உள்ளே நின்றிருந்த டீன் இருமினார், கமிட்டியிடம் தானே பேசிக்கொள்வதாகவும், புகார் எதுவும் இல்லை என்றும் சொன்னார். முகம் சிவந்துபோயிருந்தது.

மிஸஸ் டிக்னன் முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில், இடம் கேட்டு வந்த வேற்றாள் போல உட்கார்ந்தார்.

"ஓரத்துல வேண்டாம்," என்றார் செசில். "உள்ள தள்ளி, நடுவுல உக்காருங்க. அடக்கத்தன்னிக்கு அந்த இடத்தை எங்கம்மா உங்களுக்காக விட்டு வச்சிருந்தாங்க. கடைசிவரைக்கும் யாரையும் உக்கார விடல."

மிஸஸ் டிக்னன் நடுவுக்கு நகர்ந்தார். தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வருஷ அழுகையை அழுதார்.